தன்மையா, படர்க்கையா, கைவேலையா: வாழும் வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் தோழியின் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வயது 22, வரலாறு படித்து முடித்திருக்கிறாள். திரையில் மூன்று அருங்காட்சியகங்களின் பெயர்கள் இருந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் இருக்கும் பிளிமத் பட்டுக்ஸெட், அதே மாநிலத்தில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ், அப்புறம் விர்ஜினியாவின் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க்.

"ஆன்ட்டி, மூணுல எதுக்குப் போடட்டும்?" என்றாள்.

பின்னாலேயே வந்த அவள் அம்மா, "காலேஜ் முடிச்சிட்டு விறகடுப்பு ஊதற வேலைக்கா போகணும்?" என்று கேட்டாள்.

இருவருக்குமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து மாநிலத்தில் இப்படிப்பட்ட ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நான்கு ஆண்டுகள், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, நான் அந்த விறகடுப்பை ஊதியவள். அந்த நான்கு ஆண்டுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அதனால் அன்று சாயங்காலம் முழுக்கப் பேசினோம். அவளிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் வரலாறு, நாடகம், தொல்லியல் என்று படிப்பவர்கள் இப்போது கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு இந்த வேலைகளைப் பற்றித் தமிழில் சொல்ல ஆள் குறைவு.

கலப்பையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சீட்டு ஒட்டுகிற அருங்காட்சியகம் நமக்குத் தெரியும். அதே கலப்பையை மாட்டில் பூட்டி உழுது காட்டினால் அது வாழும் வரலாற்று அருங்காட்சியகம். 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் திறந்த ஸ்கான்சன்தான் இதற்கெல்லாம் முன்னோடி. ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் மறுபடி நிறுத்தினார். சென்னை முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டுக்குள் நடந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அமெரிக்காவில் இந்த வீடுகளுக்குள் நின்று வருகிறவர்களிடம் பேசுபவரை இன்டர்ப்ரட்டர் என்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வேலை என்று நினைத்து அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பழைய காலத்தை விளக்கிச் சொல்பவர் என்று பொருள். விளக்குநர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த விளக்குநர் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் மூன்று இடங்களும் பிரிகின்றன. இலக்கண வகுப்பில் படித்த தன்மையும் படர்க்கையும் இங்கே அப்படியே பொருந்தும். "நாங்கள் போன வாரம் பட்டாணி விதைத்தோம்" என்று அந்தக் காலத்து ஆளாகவே பேசினால் தன்மை. "அவர்கள் ஏப்ரலில் பட்டாணி விதைத்தார்கள்" என்று இன்றைய மனிதராக நின்று சொன்னால் படர்க்கை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதில் வாயைவிடக் கை முக்கியம்.

எல்லா இடத்திலும் ஜூலை மாதம் கேட்கப்படும் ஒரு கேள்வி இருக்கிறது: "இந்த உடுப்பில் உங்களுக்கு வேர்க்காதா?" ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்பார்கள் என்றால் மிகையில்லை. இந்த ஒரு கேள்விக்கு எந்த மாதிரி பதில் சொல்ல உங்களுக்குப் பிடிக்கும் என்று யோசித்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

முதலில் பிளிமத். 1947-ல் ஹென்றி ஹார்ன்ப்ளோவர் என்பவர் தொடங்கியது. 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேயர்களின் குடியேற்றத்தைக் கடற்கரைச் சரிவில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். கூரை வேய்ந்த மரவீடுகள், காய்கறிப் பாத்தி, கோழி, ஆடு, சுற்றிலும் மரவேலி. அந்தக் கிராமத்துக்குள் எப்போதும் ஆண்டு 1627. அங்கே நிற்பவர்கள் முழுக்க முழுக்கத் தன்மையில் பேசுகிறார்கள். 1627 மே மாதத்தில் குடியேற்றத்தின் கால்நடைகளைப் பங்கு பிரித்தபோது எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் ஊரார் பெயர்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றன. நீங்கள் ஏற்கும் பாத்திரத்துக்குப் பின்னால் உண்மையில் வாழ்ந்த ஒரு மனுஷி, அவளுடைய கணவன், பிள்ளைகள், அவர்களுக்குப் பங்கில் வந்த பசு என்று எல்லாமே இருக்கும். அதையெல்லாம் மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அவள் இங்கிலாந்தில் எந்த வட்டாரத்திலிருந்து வந்தாளோ அந்த வட்டாரத்தின் 17-ஆம் நூற்றாண்டுப் பேச்சு நாக்கில் வர வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டியதைவிட மறக்க வேண்டியது அதிகம். 1627-ல் பாஸ்டன் என்ற ஊர் கிடையாது, அது 1630-ல் வந்தது. அரசர் முதலாம் சார்லஸ். சாப்பிடும் மேஜையில் முள்கரண்டி இருக்காது. கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டார்கள். வந்தவர் "நாங்கள் கலிபோர்னியாவிலிருந்து வருகிறோம்" என்றால் அப்படி ஓர் இடத்தை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை. வேர்க்காதா என்று கேட்டால், வெயில் காலத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் வேர்க்கத்தானே செய்யும், இதிலென்ன கேள்வி என்று வியப்போடு பார்க்க வேண்டும். அந்தப் பதில் அழகானது. குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குள் உங்கள் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. 1627-ன் ஆள் பெண்களைப் பற்றி, வேற்று மதத்தவரைப் பற்றி, அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றி என்ன நினைத்தாரோ அதைத்தான் நீங்களும் பேச வேண்டும். நாடகம் பழகியவர்கள் அதைத் தாங்குகிறார்கள். சிலருக்குச் சாயங்காலம் உடுப்பைக் கழற்றிய பிறகும் அந்தப் பேச்சு உள்ளே உறுத்திக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதே வளாகத்தில் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் வாழ்விடமும் இருக்கிறது. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அழிந்த அவர்களுடைய ஊரின் பெயர்தான் பட்டுக்ஸெட். 2020-ல் அருங்காட்சியகம் தன் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. அங்கே நிற்பவர்கள் பூர்வகுடி மக்களே. அவர்கள் பாத்திரம் ஏற்பதில்லை. பாட்டன் பூட்டன் செய்தபடி மரத்தை நெருப்பால் குடைந்து படகு செய்துகொண்டே இன்றைய மனிதர்களாகப் பேசுவார்கள். 'இந்தியன்' என்ற சொல் அமெரிக்காவில் இரண்டு மக்களைக் குறிப்பதால், நம் நிறத்தில் ஒருவர் பழைய உடுப்பில் நின்றால் வருகிறவர்கள் குழம்புவார்கள். "நான் அவர்களில் ஒருத்தி இல்லை, என் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அதைப் படர்க்கையில் பேசும் இடத்தில் இயல்பாகச் சொல்லிவிடலாம். தன்மையில் பேசும் இடத்தில் சொல்லவே முடியாது. விண்ணப்பிக்கும் முன் நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஸ்டர்பிரிட்ஜ். என் மனம் சாய்கிற பக்கம் இது, அதை மறைக்கப் போவதில்லை. சவுத்பிரிட்ஜில் மூக்குக்கண்ணாடித் தொழில் நடத்திய வெல்ஸ் குடும்பத்தார் சேர்த்துவைத்த பழம்பொருள்களிலிருந்து வளர்ந்து 1946 ஜூன் மாதம் திறந்தது. 200 ஏக்கர் நிலம், 40-க்கும் மேற்பட்ட கட்டடங்கள், தண்ணீரில் ஓடும் மூன்று ஆலைகள்: மரம் அறுப்பது ஒன்று, மாவு அரைப்பது ஒன்று, கம்பளி சிக்கெடுப்பது ஒன்று. காட்டும் காலம் 1790-களிலிருந்து 1830-கள் வரை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் ஒரு கிராமம் எப்படி இருந்திருக்குமோ அப்படி. பண்ணை, பள்ளி, மளிகைக்கடை, கொல்லுப்பட்டறை, அச்சகம், மண்பாண்டச் சூளை எல்லாம் உண்டு. உடுப்பு 1830-களுடையது, பேச்சு இன்றையது.

வேர்க்காதா என்ற கேள்விக்கு இங்கே வேறு மாதிரி பதில். "வேர்க்கும். ஆனால் உடம்போடு ஒட்டியிருப்பது லினன் துணி, வேர்வையை உறிஞ்சிக் காற்றில் உலர்த்திவிடும். அடுப்புப் பக்கம் நிற்பதால் கம்பளி நல்லது, பொறி பட்டால் பருத்திபோலச் சட்டென்று பற்றாது. தொட்டுப் பாருங்கள்" என்று பாவாடை நுனியை நீட்டலாம். கேட்டவர் ஒரு தையல்காரராக இருந்தால் பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் இங்கே வழி இருக்கிறது. "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே படர்க்கையை நான் உயர்வாக நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. என் முதல் ஆண்டில், கூட வேலை செய்த மூத்தவர் ஒருவர் சொல்லக் கேட்டு, "அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு அடுத்தபடியாகப் பெண்கள் அதிகம் இறந்தது பாவாடையில் அடுப்புத் தீ பற்றித்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் அதிர்ச்சியோடு தலையாட்டுவார்கள். செப்டம்பரில் ஒரு வயதான அம்மா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, எல்லோரும் போகும்வரை காத்திருந்து என் அருகில் வந்தார். இறப்புப் பதிவுகளில் அப்படி எதுவும் இல்லை, பெண்களை அதிகம் கொன்றது தொற்றுநோய்களே, இது அருங்காட்சியகங்களில் வாய்வழியாகச் சுற்றும் கதை என்று மெதுவாகச் சொன்னார். ஐந்து மாதமாக எத்தனை நூறு பேரிடம் அந்தப் பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதெல்லாம் ஆட்கள் குள்ளம், உட்கார்ந்துகொண்டே தூங்கியதால் கட்டில் குட்டை என்பவையும் இதே ரகம். நேர்காணலில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: விளக்குநர்களுக்குப் படிக்க என்ன தருவீர்கள், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? இதற்கு நல்ல பதில் வைத்திருக்கும் இடம் நல்ல இடம்.

அடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோழியின் கேள்வி அதுதான். மன்னார்குடிப் பக்கத்தில் என் பாட்டி இரவு சாப்பாடு முடிந்ததும் கங்குகளை ஒன்றாகக் கூட்டி, மேலே சாம்பலை மூடிவிடுவாள். காலையில் கிளறினால் உள்ளே சிவப்பாக இருக்கும், சருகு போட்டு ஊதினால் போதும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் வாய்க்கு வாய் சொல்வது அதைத்தான். அருங்காட்சியகத்தில் முதல் நாள் பயிற்சியில், நியூ இங்கிலாந்துக் குடியானவள் இரவில் அடுப்பை எப்படி மூடுவாள் என்று ஒருவர் செய்து காட்டினார். அச்சு அசல் பாட்டியின் கை. இரும்புச் சட்டியின் மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டு ரொட்டி சுடுவதையும், செங்கல் அடுப்புக்குள் வெறுங்கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை சூடு பொறுக்கிறது என்று பதம் பார்ப்பதையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டேன். ஊதுகுழலுக்குப் பதிலாக அங்கே கைத்துருத்தி, அவ்வளவே வித்தியாசம். தோழியிடம் சொன்னேன்: அது கூலிக்கு ஊதுகிற அடுப்பு இல்லை. நம் வீடுகளில் இரண்டு தலைமுறைக்குள் மறைந்துபோன ஒரு அறிவு அங்கே சம்பளம் கொடுத்துக் காப்பாற்றப்படுகிறது.

சரி, மூன்றாவது வில்லியம்ஸ்பர்க். 1699 முதல் 1780 வரை விர்ஜினியாவின் தலைநகரமாக இருந்த ஊர். 1926-ல் டபிள்யூ.ஏ.ஆர். குட்வின் என்ற பாதிரியாரும் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரும் சேர்ந்து மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். இப்போது 301 ஏக்கர். ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். தன்மையில் பேசும் நடிகர்களும் உண்டு, படர்க்கையில் பேசுபவர்களும் உண்டு. ஆனால் தோழியின் மகள் குறித்து வைத்திருந்தது கைத்தொழில் பிரிவை. கொல்லர், பீப்பாய் செய்பவர், சக்கரம் செய்யும் தச்சர், வெள்ளி வேலை, அச்சு, புத்தகம் கட்டுதல், செருப்பு, விக், தையல் என்று 20-க்கும் மேற்பட்ட தொழில்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கருவிகளை வைத்து அதே முறையில் செய்கிறார்கள். பயிற்சியாளராகச் சேர்ந்தால் தொழில் முழுமையாகக் கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நம் ஊரில் ஆசாரியிடம் பையனை விடுவதுபோல. ஆனால் இங்கே மாதச் சம்பளம் உண்டு, எந்த ஆண்டு எதைச் செய்து காட்டித் தேற வேண்டும் என்ற பாடத்திட்டமும் உண்டு.

கொல்லுப்பட்டறையில் நின்று வேர்க்காதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. இரும்பு பழுத்திருக்கும்போது பேச்சுக்காக நிறுத்த முடியாது. நான்கு அடி அடித்து, இரும்பை மறுபடி உலையில் செருகி, துருத்திக் கயிற்றை இழுத்துக்கொண்டே நிமிர்ந்து, "வேர்க்கும்" என்பார். அப்புறம் ஆணியின் கொண்டையைக் காட்டுவார். அந்த ஆணி காட்சிக்கு மட்டும் செய்ததாக இருக்காது, அதே ஊரில் ஏதாவது ஒரு கட்டடத்தில் அடிக்கப் போகிறார்கள். கையால் செய்த ஒரு பொருள் மீந்து நிற்கிறது என்ற நிறைவு மற்ற இரண்டு இடங்களில் இந்த அளவுக்குக் கிடைக்காது. ஆனால் இடம் காலியாவது அபூர்வம். ஒருவர் ஓய்வுபெற வேண்டும், அல்லது தொழில் தேர்ந்தவர் வேறு ஊருக்குப் போக வேண்டும். அவள் பார்த்த அன்று அவள் விரும்பிய தையல் பிரிவில் இடம் எதுவும் இல்லை. வந்தால் போடலாம் என்று மட்டும் குறித்து வைத்திருந்தாள். வீட்டிலிருந்து காரில் பத்து மணி நேரத்துக்கு மேல். போனால் குடிபெயர்ந்துதான் போக வேண்டும்.

வில்லியம்ஸ்பர்க்கின் இன்னொரு பக்கத்தையும் அவளுக்குச் சொன்னேன். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் அந்த ஊர் மக்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், பெரும்பாலோர் அடிமைகள். அதைச் சொல்லாமலே அருங்காட்சியகம் பல பத்தாண்டுகளை ஓட்டிவிட்டது. 1979-ல்தான் கறுப்பின வரலாற்றைச் சொல்லும் முயற்சி அங்கே தொடங்கியது. 1994 அக்டோபரில் அடிமைகளை ஏலம் விடும் காட்சியைத் தெருவில் நடத்திக் காட்டியபோது நாடு முழுக்க வாதம் எழுந்தது. கறுப்பினக் குழந்தைகள் படித்த பிரே பள்ளியின் பழைய கட்டடத்தை 2020-ல் அடையாளம் கண்டு, 2023-ல் அருங்காட்சியக எல்லைக்குள் நகர்த்திக் கொண்டுவந்தார்கள். அந்த வரலாற்றைத் தினமும் தன் உடம்பில் ஏற்றுப் பேசுகிற கறுப்பின விளக்குநர்களின் வேலை இந்தத் துறையிலேயே மிகக் கடினமானது. அங்கே வேலைக்குப் போகிறவர் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். தையல் பிரிவில் நின்றாலும் அந்தத் துணியை யார் துவைத்தார்கள் என்று ஒரு குழந்தை கேட்கும்.

"இந்தக் கதையில நாம எங்க இருக்கோம்?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. நாமும் இருக்கிறோம். 1635-ஆம் ஆண்டு விர்ஜினியா நிலப் பதிவு ஒன்றில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் வருகிறது. அடுத்த நூற்றாண்டில் விர்ஜினியா கெசட் பத்திரிகையில், எஜமானரை விட்டு ஓடிப்போன கிழக்கிந்திய வேலைக்காரர்களைத் தேடும் விளம்பரங்கள் இருக்கின்றன. மாசசூசெட்ஸில் சேலம் துறைமுகத்தில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் 1790 டிசம்பர் 29 அன்று மதராஸிலிருந்து வந்த ஒருவரை முதன்முறையாகப் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். நல்ல கறுப்பு, நீண்ட முடி, சாந்தமான முகம், உயரமான கட்டுடல் என்று வர்ணித்திருக்கிறார். அவர் பெயர் என்ன, எந்தத் தெருவிலிருந்து கப்பலேறினார் என்று அதில் இல்லை. சேலத்துக் கப்பல்கள் இந்தியத் துணியும் மிளகும் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. ஸ்டர்பிரிட்ஜில் வெர்மான்ட்டிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்திய அசா நைட் கடை இருக்கிறது. உலகச் சரக்கெல்லாம் ஒரு சின்ன ஊர்க் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் அந்தக் கடை சொல்லும் கதை. அங்கே நின்று சோழமண்டலக் கரையின் அச்சுத் துணியைப் பற்றிச் சொல்ல நம் வீட்டுப் பெண்ணைவிடப் பொருத்தமானவர் யார்? தன்மையில் பேசும் 1627-ன் கிராமத்தில் இதைச் சொல்ல வாய்ப்பே வராது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சம்பளம் மூன்று இடத்திலும் பெரிதாக இல்லை. தொடக்க நிலை வேலைகள் மாநிலக் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருக்கும். மாசசூசெட்ஸில் அது 2023 முதல் மணிக்கு 15 டாலர், விர்ஜினியாவில் அதைவிடக் குறைவு. பிளிமத்தில் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் கடைசியோடு பருவம் முடிந்துவிடும், குளிர்காலத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஸ்டர்பிரிட்ஜ் குளிர்காலத்திலும் திறக்கும், ஆனால் நாள்கள் குறையும். எங்கே சேர்ந்தாலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாள்கள் உங்களுடையவை இல்லை. தீபாவளி வார இறுதியில் வந்தால் அன்று வேலை இருக்கும். பெற்றோரோடு இருப்பவருக்கு இந்தச் சம்பளம் ஒத்துவரும், தனியாக வீடு எடுப்பவருக்குக் கையைக் கடிக்கும். வில்லியம்ஸ்பர்க்கைப் பார்த்தால் பெரிய நிறுவனம், நிலையானது என்று தோன்றும். அங்கேயும் 2017-ல் ஆட்குறைப்பு நடந்திருக்கிறது.

குடியுரிமை உள்ளவளுக்குச் சிக்கல் இல்லை. விசாவில் இருப்பவர்கள் கவனியுங்கள். எச்-4, அதாவது எச்-1பி போன்ற வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா என்றால், வேலை அனுமதி அட்டை வேண்டும். படிப்பை ஒட்டித் தரும் தற்காலிக வேலை அனுமதியான ஓபிடியில் இருக்கும் மாணவர்களுக்கு வேலை படித்த படிப்போடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். பருவகால வேலைக்கு எச்-1பி எதிர்பார்க்க முடியாது. சம்பளமில்லாத் தன்னார்வப் பணி என்றாலும், மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் அதே வேலையை அனுமதியில்லாமல் செய்யக் கூடாது. போகும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உடுப்பு விஷயம் நேர்காணலிலேயே பேச வேண்டியது. கைக்கடிகாரம், நகப்பூச்சு, வெளியே தெரியும்படி குத்திய பச்சை எதுவும் ஆகாது. கண்ணாடி போடுபவர்கள் அந்தக் காலத்துச் சட்டத்தில் லென்ஸ் பொருத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கான்டாக்ட் லென்ஸ். நான் பதினான்கு வயதிலிருந்து போட்ட மூக்குத்தியைக் காலையில் கழற்றிச் சின்ன டப்பாவில் வைத்துவிட்டு, சாயங்காலம் காரில் உட்கார்ந்து கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொள்வேன். முதல் மாதம் அந்த வெற்று மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலிக்கொடி உள்ளங்கிக்குள் மறைந்துவிடும், அதில் பிரச்சினை வரவில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அடுப்படியில் பன்றி இறைச்சியும் மாட்டுக் கொழுப்பும் அன்றாடப் பொருள்கள். நான் சாப்பிடாமலே சமைத்தேன், மேலாளர் தடை சொல்லவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாம் பேசிய பிறகு அவளிடம் என் முடிவைச் சொன்னேன். கல்லூரியில் நாடகம் போட்டு, வேறொரு ஆளாக நாள் முழுக்க இருக்கப் பிடித்திருந்தால் பிளிமத். ஒரு கைத்தொழிலுக்கு ஆறேழு ஆண்டுகளைக் கொடுக்க மனம் தயாராக இருந்தால் வில்லியம்ஸ்பர்க்கில் இடம் வரும்வரை காத்திருக்கலாம், அதுவரை ஊசியும் நூலுமாக வீட்டிலேயே கைத்தையல் பழக வேண்டும். இவளுக்குக் கேள்வி கேட்பதும் தேடுவதும்தான் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். அதனால் ஸ்டர்பிரிட்ஜுக்கு இப்போதே போடச் சொன்னேன். ஓர் ஆண்டு அங்கே நின்றால், அடுப்பா, கடையா, பண்ணையா, தறியா, எது தன்னுடையது என்று தெரிந்துவிடும். வில்லியம்ஸ்பர்க்கில் இடம் வரும்போது கையில் அனுபவமும் இருக்கும். வாழும் வரலாற்றுப் பண்ணைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் 1970 முதல் அல்ஃபாம் என்று ஒரு சங்கம் இருக்கிறது, அதன் வேலை அறிவிப்புகளையும் பார்த்துவரச் சொன்னேன்.

விண்ணப்பக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். முதல் பத்தியில் சிறுவயதிலிருந்தே வரலாற்றின்மேல் ஆர்வம் என்று இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன், வருகிற கடிதம் எல்லாவற்றிலும் அது இருக்கும். "ஒவ்வொரு வருஷமும் உங்க வீட்டுக் கொலுவுல யார் நின்னு விளக்கம் சொல்றது?" என்று கேட்டேன். அவள்தான். பன்னிரண்டு வயதிலிருந்து ஒன்பது நாளும், பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பங்கள் வரும்போது ஒவ்வொரு படியையும் காட்டி, இது மரப்பாச்சி, இது தசாவதாரம், இந்தச் செட்டியார் பொம்மைக்கு முன்னால் ஏன் அரிசி பருப்பு இருக்கிறது என்று சொல்லிவந்திருக்கிறாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு மாதிரி, பேராசிரியருக்கு ஒரு மாதிரி. அது முழுக்க முழுக்க விளக்குநர் வேலை. அதையே முதல் பத்தியாக எழுதினாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது, அடுத்த வியாழக்கிழமை. ஏதாவது ஒரு பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் பாட்டியின் இரும்புத் தோசைக்கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நேற்று எங்கள் வீட்டிலேயே பேசிப் பார்த்தாள். எண்ணெய் தடவித் தடவி அதன் முகம் எப்படிக் கறுத்தது, முதல் தோசை ஏன் ஒட்டும், இதே இரும்பில் நியூ இங்கிலாந்துக்காரி என்ன சுட்டிருப்பாள் என்று நன்றாகவே சொன்னாள். தோழி சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது எந்த ஊர்ல வார்த்ததுடி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"தெரியலைம்மா," என்றாள், "கேட்டுச் சொல்றேன்."